புங்கமரத்தின் தாகம்

நட்ட கன்றுகளை நாங்களே காயவிட்டோம். அதனால் தெருச் சங்கம் ஒவ்வொரு மரத்துக்கும் அந்தந்த வீட்டில் இறந்தவரின் குரலைக் கொடுத்தது. வேர் காய்ந்தால் மரம் கூப்பிடும். எங்கள் வாசல் வேம்புக்கு என் மகன் நிர்மலின் குரல்.

எதிர்வீட்டுக் கலாவதி வெயில் தாங்காமல் ஊரைவிட்டே போய்விட்டாள். அவள் அப்பாவின் குரலில் புங்கமரம் பகலெல்லாம் கெஞ்சியது. "கலா, தண்ணி ஊத்தும்மா."

"அந்தக் குரலை எடுத்துடுங்களேன்" என்றேன் சங்கச் செயலாளரிடம்.

"எடுத்தா எவன் ஊத்துவான்?"

வீட்டில் மிச்சமிருந்த ஒரே குடம் தண்ணீரைத் தூக்கிப்போய்ப் புங்கமரத்துக்கு ஊற்றினேன்.

"கலா, வந்துட்டியா?"

"வந்துட்டேம்ப்பா" என்று காலிக் குடத்தோடு திரும்பினேன்.

"அம்மா, எனக்கு?" என்றது வேம்பு.