வெந்நீர்த் துண்டு

வெயிலுக்கும் விளக்குக்கும் தடை விழுந்த ஊரில், வெப்பக் கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது. ஐந்து வயது அமலிக்கு அதுவரை அம்மா என்றால் குரலும் கையும்தான். செத்துப்போன அம்மாவைக் கடைசியாகப் பார்க்கட்டும் என்று, சின்னத் தலைக்கு ஏற்றதாகத் தேடி ஒரு கண்ணாடி வாங்கி வந்தார் மாமா ஜெபக்கனி.

"சூடா இருக்குறது வெள்ளையாத் தெரியும் பாப்பா. ஆறிட்டா தெரியாது" என்று பட்டையை இறுக்கினார்.

"அம்மாவக் காணோமே?"

உடல் தரையோடு தரையாக ஆறியிருந்தது. முகம் பார்க்கும் சடங்குக்காகப் பெரியம்மா வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, அந்த முகத்தில் ஒற்றியெடுத்தாள். இருட்டுக்குள் ஒரு முகம் மெல்ல வெளுத்து வந்தது.

"அம்மா முழிச்சிட்டா!"

கன்னத்திலிருந்து முகம் மங்கத் தொடங்கியது.

"பெரியம்மா, வெந்நி! சீக்கிரம் வெந்நி ஊத்துங்க!"