முப்பதில் வைத்த வெளிச்சம்

மருது கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சாம்பல் நிறத்தைப் போட்டதும், நடுவில் ஒரு பெரிய கூட்டல் குறி மங்கலாகத் தெரிந்தது.

இடது ஓரத்தில் கட்டம் கட்டமாக இன்னொரு வரிசை. என் வீட்டுக்காரர் இளமாறன் நாள் முழுக்க நகை வரைகிற மென்பொருளின் கோடுகள் அவை. மென்பொருளை மூடியும் கோடுகள் போகவில்லை.

"பர்ன்-இன் அண்ணே. ஒரே கோடு ஒரே எடத்துல பளிச்சுன்னு நின்னுக்கிட்டே இருந்தா, ஓஎல்இடி திரையில தடம் விழுந்துரும்" என்றார் மருது. கம்பெனி சர்வீஸிலிருந்து வந்தவர்.

"அதெப்புடி விழும்? நான் வெளிச்சத்த முப்பதுலதான வச்சிருக்கேன்?" என்றார் என் வீட்டுக்காரர்.



வாங்கிய அன்று வெளிச்சத்தை முப்பதில் வைத்தவர், அதை வீட்டுச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். பின்னணியில் வெறும் கறுப்பு. ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் திரை தானாகத் தூங்கிவிட வேண்டும். லீவுக்கு வந்த மகள் படம் பார்க்கக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டியதற்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பெற்ற பெண்ணைவிடத் திரை உசத்தி.

அப்படிப்பட்ட திரையில் கை வைத்தவள் நான்தான்.

போன வருஷம் சித்திரையில், உச்சி வெயிலில், ஜன்னலைப் பார்த்துவிட்டு "மழை வருமோ, மூட்டமா இருக்கே" என்று கேட்டார். காரைக்குடியில், சித்திரையில், மூட்டமாம்! கேலி பண்ணிச் சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போன பிறகுதான் பயந்தேன். அப்புறம் கவனித்தேன். அவருடைய நாற்காலி மாதத்துக்கு மாதம் திரையை நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது.

டாக்டரிடம் போவோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. பொன்வேலை செய்கிற வீடு. என் மாமனாருக்குப் பார்வை மங்கியதை உறவுக்காரர் ஒருவர் கல்யாணப் பந்தியில் சொல்லிவிட, அடுத்த முகூர்த்தத்துக்குள் பட்டறைக்கு ஆள் வரத்து நின்றுபோனது. கண் தெரியாத ஆசாரியிடம் யார் பொன்னைக் கொடுப்பார்கள்? அன்றிலிருந்து இந்த வீட்டில் கண்ணுக்கு மை இடலாம், கண்ணேறு கழிக்கலாம். கண் தெரியவில்லை என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

வாய் திறக்காமல் செய்ய எனக்கு ஒன்றுதான் தோன்றியது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அவர் குளிக்கப் போவார். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை, அந்த நேரத்தில், திரைக்கு அடியில் இருக்கும் பித்தானைத் தடவிப் பிடித்து வெளிச்சத்தை இரண்டு எண் கூட்டுவேன். ஒரேயடியாகக் கூட்டினால் கண்டுபிடித்துவிடுவார் இல்லையா?

வேலை நிற்கவில்லை. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் கழுத்துரு வரைந்தார். தாலியோடு கோக்கிற அத்தனை உருப்படிகளையும் ஒவ்வொன்றாக, பூ வேலையோடு. முடித்த அன்று "இருபது வயசுக் கண்ணுடி எனக்கு" என்று பீற்றிக்கொண்டார். நானும் ஆமாம் போட்டேன்.

மருது இப்போது அதே பித்தானை அமுக்கினார். திரையில் எண் வந்தது.

"என்னண்ணே, முப்பதுன்னீக? நூறுல நிக்கிது. இம்புட்டு வெளிச்சத்துல ஓட்டுனா எந்தத் திரை தாங்கும்? வாரண்டி இருக்கு, மாத்திக் குடுத்துருவாக. ஆனா காரணம் எழுதணும். யாரு ஏத்துனது?"

இவர் என் பக்கம் திரும்பினார்.

நான் என்று சொன்னால், ஏன் என்றும் சொல்ல வேண்டும். அதுவும் வெளியாள் முன்னால். மருது நல்லவர்தான். ஆனால் நாளைக்கு இன்னொரு நகைக்காரர் வீட்டுக்குப் போவார், டீ குடிப்பார், பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை விழும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

"நாந்தான் ஏத்துனேன்" என்றார் இளமாறன். "தங்கக் கலரு எடுப்பாத் தெரியட்டும்னு. அப்புடியே எழுதிக்கங்க தம்பி."

மருது எழுதிக்கொண்டார். புதுத் திரை வரப் பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டும் வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"எதுக்குப் பொய் சொன்னீக?"

"பித்தான்ல இட்லி மாவு கையில தட்டுப்பட்டுச்சு. கம்பெனிக்காரனா மாவு தடவி அனுப்புவான்?" என்று சிரித்தார். "ஒரு வருஷமா நாந்தான் தொடச்சு வைக்கிறேன்."

எனக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு வருஷமாக நான் திருடி மாதிரிப் பதுங்கிப் பதுங்கிப் போனதை எல்லாம் பார்த்துக்கொண்டா இருந்தார்? தெரிந்துகொண்டேதான் மருதுவிடம் முப்பது என்று சாதித்தாரா? திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

அவர் கையை நீட்டினார். நான் ஓரடி தள்ளித்தான் நின்றேன். அப்படியும் கை கொஞ்சம் தேடிவிட்டுத்தான் என் விரல்களைப் பிடித்தது.

"நீ ஏத்துற ஒவ்வொரு தடவையும் இன்னுங் கொஞ்ச நாளைக்கு ஓடும்னு நெனச்சேன், ஹேமா. நூறைத் தொட்டு மூணு வாரமாச்சு. அதுக்கு மேல அதுல எண்ணு இல்ல." என் விரல்களை அவர் விடவில்லை. "எனக்குக் கண்ணு தெரியல."

அந்த வீட்டில் அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையில் மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போக முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டேன்.