சிட்டிகை மக்னீசியா

உலையின் முகப்பில் சிவப்பு எண்கள் மெல்ல இறங்குகின்றன: நூற்றுப் பன்னிரண்டு டிகிரி, நூற்றுப் பதினொன்று. ஆய்வு மாணவி கைக்கடிகாரத்தையும் எண்ணையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "இப்பவாவது திறக்கலாமாண்ணே?" என்று ஐந்தாவது தடவையாகக் கேட்கிறாள். "நூறுக்குக் கீழ வரட்டும்மா. சூட்டோட திறந்தா கீறல் விட்டுடும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது," என்கிறார் உலையைக் கவனித்துக்கொள்பவர், இடுக்கியைத் துணியால் துடைத்தபடி. உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பீங்கான் வில்லை. ஆறு மாதம் பாடுபட்டுச் செய்த அலுமினாப் பொடியில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். சூட்டில் அதன் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் பக்கத்துப் படிகங்களை விழுங்கிக் கொழுக்கப் பார்க்கும். ஒரு சிட்டிகை மக்னீசியா கலந்திருந்தால் அது படிகங்களின் எல்லைகளில் உட்கார்ந்து அவற்றைத் தடுக்கும், வில்லை ஒளியை ஊடுருவ விடும். இல்லாவிட்டால் வெறும் சாக்பீஸ் துண்டுதான். வில்லையின் அடியில் வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்க அவள் கிழித்து வைத்த செய்தித்தாள் துண்டு, மேசைமேல் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. அது பறந்துவிடாமலிருக்க மேலங்கிப் பைக்குள் செருகுகிறாள். விரலில் வேறொரு காகிதம் தட்டுப்படுகிறது. வெளியே எடுக்கிறாள். நாலாக மடித்தது, மேலே அவள் கையெழுத்தில் 'மக்னீசியா'. பிரிக்கிறாள். முந்தாநாள் வில்லையில் கலக்க நிறுத்து வைத்த பொடி அப்படியே இருக்கிறது. "என்னம்மா அது?" அவள் காகிதத்தை அவசரமாக மடிக்கிறாள். உலை கீச்சென்று ஒலிக்கிறது. தொண்ணூற்றொன்பது. "இந்தா, நீ காத்துக்கிட்டிருந்த நேரம் வந்தாச்சு," என்று அவர் கைப்பிடிக்குப் போகிறார். அவள் கை முந்திக்கொண்டு கதவை அழுத்திப் பிடிக்கிறது. "வேணாண்ணே. இன்னும் கொஞ்சம் ஆறட்டும்."