பன்னிரண்டு வோல்ட்

இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் இவன் ஒருவனை வெட்டப்போகிறான். யாரை என்று நான்தான் காட்டிக்கொடுக்கப்போகிறேன். ஹெலன் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே நின்ற நரேஷின் கையில் கோழி வெட்டும் கத்தி இருந்தது.

அவன் கொண்டுவந்த பெட்டி, கேமராவில் விழுவதெல்லாம் பதிவாகும் பெட்டி, அவளுடைய ரிப்பேர் மேஜைமேல் கிடந்தது. இதே விவேக் நகர்த் தெருவில் நாலு கடை தள்ளி அவனுடைய கோழிக்கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டர் பாதி இறக்கியிருந்த நேரத்தில், அவன் தம்பி ரவியை அந்தக் கடைக் கத்தியாலேயே பதினோரு இடத்தில் குத்திப் போட்டிருந்தார்கள்.

பெட்டியின் மூடியெல்லாம் ரத்தம் தெறித்துக் கருத்துக் காய்ந்திருந்தது. பவர் சொருகும் துளையின் விளிம்பில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. ஹெலன் கையை இழுத்துக்கொண்டாள். போலீஸ் வருவதற்குள் நரேஷ் அதைக் கடையிலிருந்து கழற்றி ஒளித்துவிட்டானாம். கொன்றவன் முகத்தை அவன்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

"பெட்டியில லைட்டே எரியல ஆன்ட்டி. நீங்க உள்ள இருக்கற டிஸ்க்க மட்டும் ஓட வெச்சுக் குடுங்க. மூஞ்சி தெரிஞ்சா போதும், மீதிய நான் பாத்துக்கறேன்."

வழக்கமாக டிஸ்க் பார்க்கும் லேப்டாப்பை அவளால் எடுக்க முடியவில்லை. எந்த அடாப்டர் எதற்கென்று குழம்பாமலிருக்க ஒவ்வொன்றின் முனையிலும் ஒவ்வொரு நிறத்தில் நெயில் பாலிஷ் தடவி வைத்திருப்பாள்; லேப்டாப்புக்கான பத்தொன்பது வோல்ட் சிவப்பு முனையை மூன்று நாளாகக் காணோம். மாற்றிச் சொருகினால் டிஸ்க் செத்துவிடும் என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வாள். மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரை இழுத்துப் போட்டாள்.

நேற்று நரேஷ் வெறும் சந்தேகத்தில் ஆட்டோக்கார தாஸைப் பிடித்துத் தாடையை உடைத்திருந்தான். அந்த மதியம் தாஸ் அத்திபெலேக்குச் சவாரி போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்ல தாஸுக்கு வாய் இல்லை. நரேஷின் விரல் முட்டிகள் இன்னும் வீங்கியிருந்தன.

சுவரோரம் அவள் மகன் ரோஹன் உட்கார்ந்திருந்தான். ரவியோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். இப்போது ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நரேஷ் திடீரென்று அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான்.

"நீ சொல்றா. அவனுக்கு யார்கூட பகை? உன்கிட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டான்."

ரோஹனின் பின்தலை சுவரில் இடித்தது. ஹெலன் எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். நரேஷ் பிடியை விட்டு அழுதான். அழுதுகொண்டே கத்தியை மேஜையில் ஓங்கிக் குத்தினான்.

ஹெலன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த டிஸ்க்கின் பச்சை போர்டைக் கழற்றினாள். மின்சாரம் நுழைகிற இடத்தில் இரண்டு டயோடுகள், அரிசி அளவில். மல்டிமீட்டரின் முனைகளை ஐந்து வோல்ட் பக்கத்து டயோடில் வைத்தபோது சத்தமில்லை. பன்னிரண்டு வோல்ட் பக்கம் வைத்ததும் மீட்டர் நிறுத்தாமல் கத்தியது. அந்த டயோடு எரிந்துபோயிருந்தது.

"யாரோ வேணும்னே பெரிய வோல்ட் குடுத்திருக்காங்க. ஆனா அடிய இந்த டயோடு வாங்கிக்கிச்சு," என்றாள். "இத எடுத்துட்டா டிஸ்க் ஓடலாம்."

நரேஷுக்கு அவன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, பேசியபடியே படியிறங்கித் தெருவுக்குப் போனான். ஹெலன் சூடான சால்டரிங் அயர்னை வைத்து அந்தக் கருத்த டயோடைப் பெயர்த்தெடுத்தாள். போர்டை மாட்டி, கம்ப்யூட்டரில் இணைத்தாள். டிஸ்க் ஒருமுறை முனகிவிட்டுச் சுழலத் தொடங்கியது.

ரோஹன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அம்மா, டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லிடும்மா."

ஓடுகிறதே என்றாள் அவள்.

"காட்டினா இன்னொரு பொணம் விழும். நரேஷ் அண்ணன் ஜெயிலுக்குப் போயிடும். அவங்கம்மாவுக்கு இருக்கற ஒரு புள்ளையும் இல்லாம போயிடும்மா."

அவள் மனம் இளகியது. சின்ன வயதில் அந்தக் கோழிக்கடையைத் தாண்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்து நடந்தவன். இத்தனை ரத்தத்துக்கு நடுவிலும் அடுத்த வீட்டுத் தாயை நினைக்கிறான். ஒரு பொய்தானே, ஓர் உயிர் மிஞ்சுமென்றால் சொல்லலாம். டிஸ்க்கை நிறுத்திப் பழையபடி உள்ளே வைத்துவிட எண்ணிப் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள்.

துளையின் விளிம்பில் அந்தப் பொட்டு. மூன்று நாள் ரத்தம் கருத்துப்போயிருக்க வேண்டும். மூடியில் இருந்ததெல்லாம் கருத்துத்தான் இருந்தது. இது இன்னும் சிவப்பாகவே இருந்தது.

அவள் நகத்தால் சுரண்டினாள். மீன் செதிலைப் போலப் பளபளவென்று முழுசாகப் பெயர்ந்து வந்தது.

படியில் நரேஷின் செருப்புச் சத்தம் கேட்டது. ரோஹன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "சொல்லிடும்மா."

"முடியாதுப்பா," என்றாள் ஹெலன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "என் சிவப்பு அடாப்டர் எங்க?"