பல் டாக்டரின் இம்பாலா

பல் டாக்டர் ராமபத்ரனுக்கு இம்பாலா கார் மேல் கண் விழுந்துவிட்டது என்பதை முதலில் கவனித்தவன் அந்தக் காரின் டிரைவர் கலியன்தான்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் டாக்டரின் கிளினிக்குக்கு நேர் எதிரே பச்சையப்பனின் ரைஸ் மில். மில் வாசலில் நிற்கும் அந்த நீல இம்பாலாவுக்கு ஜோடி பார்க்க வேண்டுமென்றால் மெட்ராஸ்தான் போக வேண்டும். ஆரம்பத்தில் டாக்டர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கலியன் காரைக் கழுவும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே டேப்பை எடுத்துக் கதவை அளந்தார். ஒருநாள் டிக்கி திறந்திருந்தது. பாதி உடம்பை உள்ளே விட்டு அதையும் அளந்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நடந்ததுதான் கலியனை உலுக்கிவிட்டது. டீ குடித்துவிட்டு வந்தவன் கண்ணெதிரே, டாக்டர் குனிந்து டிக்கியின் பூட்டு மேல் மெழுகை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் மெழுகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று கிளினிக்குக்குள் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை தவறாமல் பச்சையப்பன் காரில் திருப்பதிக்குப் போய்வருவார். திரும்பும் வழியில் ஆந்திர எல்லையில், ஊத்துக்கோட்டை செக்போஸ்ட்டில் எல்லாருக்கும் லட்டு கொடுப்பார். அன்று செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கலியன் மெல்ல விஷயத்தை எடுத்தான்.

"பூட்டு மேல மெழுக வச்சி அமுக்கிக்கினு இருந்தாருங்க. கள்ளச் சாவி போடறவன்தான் அப்படி அச்சு எடுப்பான்."

பச்சையப்பன் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் டிக்கியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். ஊர் வந்ததும் வண்டியை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் மோசஸ் அந்த ஊருக்குப் புதிது. புகாரை முழுதாகக் கேட்டுக்கொண்டார். படித்த மனுஷர் மேல் எடுத்த எடுப்பில் கேஸ் போட வேண்டாம், நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். ஜீப் ரிப்பேரில் கிடந்ததால் பச்சையப்பன் தன் காரிலேயே அவரை ஏற்றிக்கொண்டார். இம்பாலாவில் உட்காருவது மோசஸுக்கு அதுதான் முதல் தடவை. மெத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிளினிக்கில் நோயாளி யாரும் இல்லை. டாக்டர் பல் ராவும் மெஷினைக் கையில் பிடித்துக் குனிந்திருந்தார். அவர் ராவிக்கொண்டிருந்தது பல் இல்லை. மேஜை மேல், ஒரு சாண் நீளத்தில், ஒரு நீல இம்பாலா நின்றது.

பச்சையப்பன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருடைய காரேதான். நம்பர் பிளேட்கூட அவருடையதுதான்.

புகாரைச் சொன்னதும் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. மனைவியின் தம்பி அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கிட் அது என்றார். பெட்டி நிறையத் துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் பாகங்கள் வரும். ஒட்டி முடித்தால் அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கார் கிடைக்கும். எதிரிலேயே அசல் நிற்கும்போது ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒப்பிட்டால் கிட்டில் ஏகப்பட்ட தப்பு. பம்பர் வளைவு தட்டையாக இருந்தது. ராவிச் சரி செய்தார். டிக்கியில் பூட்டு வெறும் புள்ளியாக இருந்தது. பல் செட்டுக்கு அச்செடுக்கும் மெழுகிலேயே அசல் பூட்டை அச்செடுத்து, அதைப் பார்த்துச் செதுக்கினார். ஸ்டியரிங் அமெரிக்க வழக்கப்படி இடப் பக்கம் இருந்தது. அதை வலப் பக்கம் மாற்றிய வாரத்தில் பல்வலியோடு வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த வயதில் பொம்மைக் காரா என்று சிரிப்பார்களே என்ற கூச்சத்தில்தான் யாரிடமும் சொல்லவில்லை என்றார்.

மோசஸ் சிரித்துவிட்டார். பச்சையப்பனும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னா டாக்டரே, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டியவே உங்க வாசல்ல நிறுத்தியிருப்பேனே" என்றவர், புகாரை விட்டுவிடலாம் என்றும், வேலை முடிந்ததும் இந்தக் காரைத் தனக்கே தந்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

மோசஸ் பொம்மைக் காரை உள்ளங்கையில் எடுத்து, நகத்தால் டிக்கியைத் திறந்து பார்த்தார்.

"உள்ள ஒரு தடுப்பு இருக்கே, இது என்ன சார்?"

டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதான் இருக்கறதுலயே பெரிய தப்பு. கிட்ல டிக்கி பின் சீட்டு வரைக்கும் போறது. இவர் கார்ல ஒரு முழம் முன்னாடியே முடிஞ்சுடறது. அதனால தடுப்பு வெச்சுச் சரி பண்ணிட்டேன்."

"ஸ்டியரிங் ஊருக்கு ஊர் மாறும், சரி. டிக்கியும் மாறுமா?"

கேள்வி டாக்டரிடம்தான். ஆனால் மோசஸ் பார்த்தது பச்சையப்பனை.

பச்சையப்பனின் சிரிப்பு நின்றது. காலையிலிருந்து நாஷ்டாகூடச் சரியாகச் சாப்பிடவில்லை, கிளம்பலாம் என்று வாசல் பக்கம் நகர்ந்தார். மோசஸ் அவருக்கு முன்னால் வெளியே போய், கலியனிடம் சாவியை வாங்கி இம்பாலாவின் டிக்கியைத் திறந்தார். அந்த ஒரு முழத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் செய்துவிடலாமே என்று டாக்டர் டேப்போடு ஓடி வந்தார்.

தடுப்பை நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் இன்னும் எடுக்கவில்லை.

வைக்கோல் சுற்றிய பிராந்தி பாட்டில்கள் பின் சீட்டு வரைக்கும் அடுக்கியிருந்தன. அமெரிக்காக்காரன் அளவில் ஒரு தப்பும் இல்லை.