மஞ்சள் கறை

“பட்டாளத்து ரசாயனத்தாலதான் சீக்கு வந்துச்சுன்னு ஆதாரம் எங்கம்மா?”

“பத்து வருசம் எங்க வீட்டுக்காரவிய அந்த ரசாயன டிரம்மைத்தான சார் உருட்டுனாவ! இன்னும் என்ன—”

“உருட்டுனா போதுமா? அதனாலதான் செத்தாருன்னு எழுத்து இருந்தாத்தான் பென்ஷன்!”

கோவில்பட்டி பென்ஷன் அலுவலகத்தில் கிளார்க் முத்துசெல்வம் விரலில் எச்சில் தொட்டுத் தொட்டு ஃபைலைப் புரட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாயின் கணவர் சாகுமுன் மனுவில் வைத்த கைரேகையைச் சுற்றி மஞ்சள் கறை இருந்தது. போன மாதம் மிளகளவுதான். இன்று எல்லாத் தாள்களிலும் ஏறியிருந்தது.

இரண்டு டீ வந்தது. ஒரு வாய் குடித்த முத்துசெல்வம் முகத்தைச் சுளித்தார்.

“சீனியே போடலியா இவன்?”

வெள்ளைத்தாய் தன் டம்ளரைக் குடித்துப் பார்த்தாள். பாகாய் இனித்தது. அவர் அடுத்த தாளுக்காக மறுபடி விரலை நாக்கில் வைத்தார்.

“சார், அவியளுக்கும் மொதல்ல ருசிதான் போச்சு.”