வாய்க்குள் ஒரு விசாரணை

"சர்வீஸ்ல எந்த ஸ்டேஷன்ல சார் இருந்தீங்க?"

பல் டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரின் முதுகு நாற்காலியில் விறைத்தது. பேனா மாதிரி ஒரு கேமரா அவர் வாய்க்குள் ஊர்ந்து அளவெடுத்துக்கொண்டிருந்தது. உடனே பதில் சொல்ல முடியாததும் நல்லதாகப் போயிற்று.

கேமரா வெளியே வந்ததும், "பல ஊரு, பல ஸ்டேஷன். எல்லாமா ஞாபகம் இருக்கும்?" என்றார்.

"என்னங்க இப்படிச் சொல்றீங்க?" ஓரமாக உட்கார்ந்திருந்த மனைவி முந்திக்கொண்டாள். "சப்-இன்ஸ்பெக்டரா இருந்தது மார்க்கெட் ஸ்டேஷன்ல டாக்டர். எங்க பெரிய பொண்ணு அப்பத்தான் பொறந்தா. முப்பது வருஷம் ஆச்சு."

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

டாக்டரின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதில், முன்பே ஸ்கேன் எடுத்திருந்த அவருடைய கீழ்த்தாடை எலும்பு மட்டும் தனியாக, சாம்பல் நிறத்தில் சுழன்றது.

"பாருங்க சார். பல்லு போயிட்டா அந்த இடத்து எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும். அதான் உங்க பழைய பல்செட் ஆடுது. நல்லவேளை, முன்பக்கம் எலும்பு கெட்டியா இருக்கு. நாலு திருகாணி பதிச்சு, அது எலும்போட ஒட்டினதும், கம்ப்யூட்டர்ல வரைஞ்ச பல்வரிசையை மெஷின்ல ஒரே கட்டியா செதுக்கி மேல முடுக்கிடலாம். ஆனா சிகரெட்டை விட்டுடணும். சர்க்கரை ஏறக்கூடாது."

"பெரிய டாக்டர்தானே பண்ணுவார்?"

"அவர்தான் பண்றதா இருந்தது. இப்போ நான் கேட்டு வாங்கிக்கப் போறேன். உங்களுக்கு நான்தான் பண்ணுவேன் சார்."

வீடு போய்ச் சேரும்வரை இன்ஸ்பெக்டர் பொருமிக்கொண்டே வந்தார். "கேட்டு வாங்கிப்பாளாமே! எதுக்கு? நான் எங்க வேலை பார்த்தா இவளுக்கென்ன?"

"யூனிஃபார்மைக் கழட்டி வருஷமாச்சு. புத்தியை மட்டும் கழட்டவே இல்லை நீங்க" என்றாள் மனைவி.

வேறு டாக்டரிடம் போகலாம் என்றுதான் நினைத்தார். ஆனால், மனைவி விடவில்லை. எதையும் கடித்துத் தின்று வருஷக்கணக்காகியிருந்தது அவருக்கும்.

திருகாணி பதிக்கும் நாளன்று, மயக்க மருந்தே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். மரத்துப்போகும் ஊசியை மட்டும், மருந்துப் புட்டியை வாங்கிப் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடவே இல்லை. அவர் தாடைக்கென்றே மெஷினில் அச்சடித்த ஒரு தகட்டை டாக்டர் ஈறின் மேல் பொருத்தினாள். அதிலிருந்த துளைகள் வழியாக மட்டும்தான் டிரில் இறங்கும் என்றாள். இவள் நினைத்தாலும் இம்மி நகர முடியாது என்று அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அப்படியும் மறுநாளே எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு பல் டாக்டரிடம் போனார்.

"பிரமாதமான வேலை சார்! யார் பண்ணது?" என்றார் அவர்.

அதைக் கேட்டு இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. 'இவ்வளவு நல்லா பண்ணியிருக்கான்னா, உள்ளே ஏதோ இருக்கு.'

சில மாதங்கள் கழித்துப் பல்வரிசை வந்தது. முதலில் செதுக்கியது கடைவாயில் மயிரிழை தூக்கலாக இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒன்று செதுக்கி முடுக்கினாள். மனைவி அவரைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணத்தன்னைக்குப் பார்த்த மாதிரியே இருக்கீங்க!"

"சரி, சரி. நீ போய் வண்டியைக் கூப்பிடு."

மனைவி வெளியே போனதும் கதவைச் சாத்தினார். குரல் தானாகவே பழைய விசாரணைக் குரலாக மாறியது.

"இப்போ சொல்லு. யாரு நீ?"

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"நான் ஸ்கூல்ல படிக்கிறப்போ மார்க்கெட்ல ஒரு திருட்டு நடந்தது சார். செய்யாத தப்புக்கு எங்கப்பாவை உங்க ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்தப்போ அவர் வாயில ஒரு பல்லுகூட மிச்சமில்லை."

இன்ஸ்பெக்டரின் கை நாற்காலியின் பிடியைத் தேடியது.

"அப்புறம் பல்செட் வைக்கக்கூட மனசு வராம விட்டுட்டார். நான் டாக்டராகி வந்து ஸ்கேன் எடுத்தா, திருகாணி போடக்கூட எலும்பு மிஞ்சலை. அவ்வளவும் கரைஞ்சு போயிருந்தது."

அவருடைய நாக்கு புதுப்பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. "அதுக்கு... என்னை என்ன பண்ணே?"

"ஐயோ, என்ன சார் இப்படிக் கேட்கறீங்க!" அவள் பதறிப்போனாள். "அவரைக் கண்ணைக் கட்டித்தான் அடிச்சாங்களாம். உயிர் போயிடும்னு இருந்தப்போ, 'போதும், கழட்டி விடுங்க'ன்னு ஒரு குரல் கேட்டுச்சாம். உடனே அடி நின்னுடுச்சாம். யாருன்னு மறுநாள் விசாரிச்சா, சப்-இன்ஸ்பெக்டர்னு சொல்லியிருக்காங்க. 'அந்தப் புண்ணியவான் இல்லேன்னா நான் இல்லை'ன்னு அப்பா இன்னைக்கும் சொல்லிட்டிருக்கார். அவருக்குச் செய்ய முடியாததை உங்களுக்காவது செய்யணும்னுதான் சார் கேட்டு வாங்கினேன்."

அவருடைய வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

'போதும்' என்று சொன்னது அவர்தான். அடித்து அடித்து, அந்தக் கை அப்போது ஓய்ந்து போயிருந்தது.